நான்காவது அர்த்தம்

பிராக், 1971 பிப்ரவரி 9, செவ்வாய்

அகராதியின் R எழுத்துப் பக்கங்கள் சரிபார்ப்புக்கு வந்துவிட்டன. மதியத்துக்குள் 'ரிஜிடிட்டி' என்ற ஆங்கிலச் சொல் வரை முடித்தேன். விறைப்பு. கம்பிக்கும் உத்திரத்துக்கும் நம் செக் மொழியில் 'துஹோஸ்த்'. கழுத்துக்கும் மூட்டுக்கும் 'ஸ்துஹ்லோஸ்த்'. பயத்தில் அசையாமல் நின்றுவிடுவதற்கு 'ஸ்தர்னுலோஸ்த்'. நான்காவது, வளைந்து கொடுக்காத புத்திக்கு. அதன் கீழே எடுத்துக்காட்டு: "கட்சிக் கமிட்டி ஆண்ட ஆட்களைவிட, அதன் விறைப்பு ஒடித்த ஆட்களே அதிகம்."

ஐயோ. அது என் வாக்கியம்!

அறுபத்தெட்டு வசந்தத்தில், ஊரே வாய்க்கு வந்ததைப் பேசித் திரிந்தபோது எழுதியது. பிறகு ரஷ்ய டாங்கிகள் வந்தன, அலுவலகத்தில் பாதிப் பேருக்கு வேலை போனது. அந்த எடுத்துக்காட்டைத் தட்டச்சு செய்த அட்டை மட்டும் பெட்டிக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

பிப்ரவரி 10

அடித்துவிடலாம் என்று பென்சிலோடு போனேன். இன்னொரு பிரதி நேற்றே மேலிடத்துக்குப் போய்விட்டதாம். இப்போது அடித்தால் நானே மாட்டிக்கொண்ட மாதிரி.

ஜூனில் ஹெட்விகாவுக்கு மருத்துவக் கல்லூரித் தேர்வு. அம்மா எப்படிப்பட்டவள் என்று என் அலுவலகம் ஒரு சான்று அனுப்ப வேண்டும். அதில் ஒரு வரி கெட்டாலும் என் மகள் வாங்கும் மதிப்பெண்ணைக் குப்பையில்தான் போட வேண்டும்.

பிப்ரவரி 17

ஒன்றும் நடக்கவில்லை. மேலிடத்தில் படித்தார்களா, இல்லையா?

பிப்ரவரி 19

நடந்துவிட்டது. தலைமை ஆசிரியர் வாவ்ரா எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு அந்த அட்டையை மேசைமேல் போட்டார். மூலையில், என்னோடு வேலை செய்யும் லுபோரின் முதலெழுத்துகள். அறுபத்தெட்டில் அந்த அட்டை தயாரான வாரம் நான் காய்ச்சலில் கிடந்தேன்; என் கிறுக்கலை அட்டையில் தட்டச்சு செய்தது அவர். செய்தவர் தன் முதலெழுத்தைப் போடுவது இங்கே வழக்கம்.

"யாரோட வேலை இது?"

லுபோர் என் பக்கம் திரும்பவே இல்லை. "என் அட்டைதான். அதான் எழுத்து போட்டிருக்கே."

"உங்க புத்தி எங்கய்யா போச்சு?"

"அந்த வருஷம் எல்லாருக்கும் எங்க போச்சோ, அங்கதான்."

யாரும் சிரிக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லையா, திறக்க மனசில்லையா? தெரியல. சத்தியமா தெரியல.

பிப்ரவரி 26

லுபோருக்கு இன்று கடைசி நாள். ஓர் ஆஸ்பத்திரியில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலையாம். ஏழு மொழி தெரிந்த மனுஷன்.

வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போஹ்தனா, மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டுத் திரியாதீங்க. பாக்கிறவன் கண்டுபிடிச்சிடுவான். பொண்ணு படிக்கட்டும், போங்க."

மார்ச் 3

"ஏம்மா, கழுத்தத் திருப்பவே மாட்டேங்கிற? சுளுக்கா?" என்றாள் ஹெட்விகா. ஆமாம் என்றேன்.

சொன்னால் அவள் படிப்பு போச்சு. சொல்லாவிட்டால் நானெல்லாம் என்ன ஜென்மம்?

மார்ச் 9

சொல்லிவிட்டேன். வாவ்ராவின் அறைக்குப் போய், அது என் வாக்கியம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். வானொலியைச் சத்தமாக வைத்தார்.

"எனக்குத் தெரியாதா? காபி குடிக்கும்போது நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க. நானும்தான் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன்."

"அப்போ லுபோர்..."

"மேல ஒரு ஆளக் கேட்டாங்க, ஒரு ஆளக் குடுத்தாச்சு. ரெண்டாவதா உங்களக் குடுத்தா, கூடச் சிரிச்சது யாருன்னு கேப்பாங்க. என்னையும் சேத்துக் கவுத்துடாதீங்கம்மா." சிகரெட் பற்றவைக்க அவருக்கு மூன்று தீக்குச்சி ஆனது. நான் மட்டும்தான் பயந்து சாகிறேன் என்று நினைத்திருந்தேன்.

பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார். "பொண்ணுக்கு நல்ல சான்று வேணுமில்ல? மாசம் ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. இங்க யாரு என்ன பேசுறாங்கன்னு. பெருசா ஒண்ணும் வேண்டாம். மேல கேக்கிறாங்க."

நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மார்ச் 10

சொன்னேன்.

ஜூலை 14

ஹெட்விகாவுக்கு இடம் கிடைத்துவிட்டது! கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறை முழுக்க என்னைச் சுற்றிச் சுற்றி இழுத்தாள். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நினைக்கட்டும்.

அக்டோபர் 1, வெள்ளி

நல்ல வெயில். வரும் வழியில் காளான் வாங்கினேன். ஹெட்விகாவுக்கு வகுப்புகள் ஆரம்பித்துவிட்டன.

லுபோரின் மேசைக்கு அலேனா என்று ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். கலகலப்பானவள். காபி நேரத்தில் ஒரு ஜோக் சொன்னாள், எல்லாரும் சிரித்தோம். என்ன ஜோக் என்பதை வேறொரு தாளில் எழுதி வாவ்ராவிடம் கொடுத்துவிட்டேன். இங்கேயும் எழுத வேண்டியதில்லை.