இரண்டு விரற்கடை முடி

பங்குனி 6, வெள்ளி

காலை ஏழு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. மிளகாய் வத்தல் களத்தில் காயப் போட்டாச்சு. காற்று அசையவில்லை.

டைரி உரக்கடையில் கொடுத்தது, போன வருஷத்தது. அச்சடித்த தேதியை நான் பார்ப்பதில்லை.

நம் பிள்ளைகள் செய்தது, மறக்காமல் இருக்க மறுபடியும் ஒரு தரம்:

மூத்த பேரன் கார்த்தி. ஓசூர்க் கம்பெனியில் வேலை நிரந்தரம்.
மகள் வயிற்றுப் பேத்தி சுதா. நர்சுப் படிப்பு முடித்தாள். தூத்துக்குடியில் வேலை. வெள்ளை உடுப்பு.
அவள் தம்பி. பத்தாவதில் கணக்குக்குத் தொண்ணூற்று எட்டு. மற்றதைப் பற்றிப் பேச வேண்டாம்.
மகன் வயிற்றுப் பேத்தி பேச்சி. நெல்லையில் காலேஜ் இரண்டாம் வருஷம். காலேஜ் கிரிக்கெட் டீமில் சுழல் பந்து போடுகிறாள், இடது கையால். நேற்றுக் கோயம்புத்தூரில் கடைசி ஆட்டம். இவர்கள் டீம்தான் கப்பு!!

மகன் போனில் பார்த்துச் சொன்னதும் எழுந்து நிற்க முழங்கால் விடவில்லை. உட்கார்ந்தபடியே கும்பிட்டேன்.

கோவில்பட்டியில் இருந்து கடலைமிட்டாய் வாங்கி வரச் சொல்லித் தெரு முழுக்கக் கொடுத்தாச்சு. எல்லோரும் கேட்டார்கள், "பேச்சி எத்தன விக்கெட்டு ஆச்சி?" எனக்கு எங்கே தெரியும். "நெறைய" என்று சொல்லி வைத்தேன்.

இதை எழுதாமல் விடக்கூடாது. புதன்கிழமை சாயங்காலம் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். வாய்விட்டுச் சொன்னது அப்படியே: "தாயே, கப்பு நம்ம பிள்ளைக கைக்கு வரணும். வந்தா பேச்சி தலமுடிய ஒனக்கு எறக்குதேன்." வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் உளுந்து இரவல் கேட்க வந்த அடுத்த வீட்டுச் செண்பகம் வாசலில் நின்று கேட்டுவிட்டாள். அவள் கேட்டால் ஊர் கேட்ட மாதிரி.

பங்குனி 7, சனி

வெயில் நேற்றை விட. கண்ணெல்லாம் வத்தல் காந்தல்.

பேப்பரில் படம் வந்திருக்கிறது. நடுவில் கப்பு. பதினாலு பிள்ளைகள். பேச்சி கடைசி வரிசையில் ஓரத்தில். முன்னால் நெட்டையாக ஒருத்தி. பேச்சிக்குப் பாதி முகம், ஒரு காது. கண்ணாடி போட்டும் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். காதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். எங்க அம்மா காது.

வெட்டி எடுத்தேன். சட்டம் போட வேண்டும். ஆனால் காதுக்குப் போய் யாராவது சட்டம் போடுவார்களா.

மத்தியானம் போனில் பேசினாள். குரல் நன்றாக இல்லை.

"என்னட்டி, கப்பு வாங்கின பிள்ள மாதிரியா பேசுத?"
"அசதி ஆச்சி."
"எத்தன விக்கெட்டு?"
"கப்பு வந்துட்டுல்லா. விடுங்க."

திங்கள் வருகிறாளாம். நேர்ச்சையைச் சொல்ல வாய் வரை வந்தது. வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மாத்திரை இன்றோடு தீருகிறது. மகனிடம் சொல்ல வேண்டும்.

பங்குனி 8, ஞாயிறு

மாத்திரை வந்தது. சண்டையும் வந்தது.

மருமகள் மாரி தீப்பெட்டி ஆபீசில் பெட்டிகளை அடுக்கிக் கட்டுப் போடுகிறாள். ஞாயிறு ஒருநாள்தான் வீட்டில். நேர்ச்சையைத் தண்ணீர்க் குழாயடியில் கேள்விப்பட்டிருக்கிறாள். குடத்தை இறக்கி வைக்காமலே பேசினாள்.

"அத்த, அவ தலைக்கு எண்ண தேச்சுச் சிக்கெடுத்தது யாரு? நீங்களா, நானா?"
"நீதான்."
"அப்ப என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்லா? என்ன விடுங்க. அவகிட்ட கேட்டியளா?"
"சாமி காரியத்துல கேக்கவா செய்வாவ?"
"பத்தொம்பது வயசுப் பிள்ள அத்த! மொட்டத் தலையோட காலேஜுக்குப் போவாளா?"

மகனைப் பார்த்தேன். அவன் சைக்கிள் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். "ஒங்க பேத்தி, ஒங்க சாமி" என்றான். எப்போதும் இப்படித்தான்.

நம் குடும்பத்தில் நேர்ந்து கொடுக்காமல் விட்டவர்கள் இல்லை. பூசாரி காதுக்கும் எட்டி, செவ்வாய்க்கிழமை பேத்தியைக் கொண்டுவரச் சொல்லி ஆள் விட்டுவிட்டார். இனி என்ன செய்ய.

சாப்பிடப் பிடிக்கவில்லை. மோர் மட்டும்.

பங்குனி 9, திங்கள்

பதினொரு மணி பஸ்ஸில் வந்தாள். பை அவள் உயரம் இருக்கிறது. கறுத்துப் போனாள். இடது கையில் ஆள்காட்டி விரலைச் சுற்றிப் பிளாஸ்திரி.

ரசம், அப்பளம், முட்டை. முட்டையை ஒதுக்கி வைத்தாள்.

உட்கார்ந்து ஒரு மூச்சு விடுவதற்குள் செண்பகம்.

"வாட்டி ராசாத்தி! கோயம்புத்தூரையே கலக்கிட்டியாம்! நாளைக்கு மொட்டையும் போட்டுட்டா மொகம் இன்னும் லெச்சணமா இருக்கும்."
"யாருக்கு சித்தி மொட்ட?"
"ஆச்சி சொல்லலியா? ஐயோ, அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன்."

ஓடிவிட்டாள். அவள் வீட்டில் பால் வாங்கியே ஒரு வருஷம் இருக்கும்.

பேச்சி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு மேல் களத்துக்கு வந்தாள். வத்தலைக் காலால் கிண்டிக்கொண்டே கூட நடந்தாள். தானாகவே பேசினாள். எனக்கு விளங்கிய மட்டும் எழுதுகிறேன்.

ஒருத்திக்கு நாலு ஓவர்தான் போட விடுவார்களாம். கடைசிக்கு முந்தின ஆட்டத்தில் இவள் நாலு ஓவர் போட்டு நாலு விக்கெட். அப்போதே விரல் தோல் வெடித்துவிட்டது. பந்தைச் சுழற்றுவது அந்த விரல்தான். யாரிடமும் சொல்லவில்லை.

"சொன்னா வெளிய உக்கார வச்சிருவாவ ஆச்சி. ஃபைனல்லா."

கடைசி ஆட்டத்தில் பந்து சுற்றவே இல்லை. பிடித்தால் எரிச்சல். இரண்டு ஓவர். இருபத்தாறு ரன். கேப்டன் வந்து பந்தைக் கையில் இருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு இவள் எல்லையில் போய் நின்றாள், ஆட்டம் முடிகிற வரை. மற்றப் பிள்ளைகள் மல்லுக்கட்டி ஜெயித்துவிட்டார்கள்.

"எல்லாரும் குதிச்சாவ. நானும் குதிச்சேன். கப்ப ஒவ்வொருத்தியா வாங்கித் தூக்கிப் பிடிச்சுப் படம் எடுத்தாவ. என்கிட்ட வந்துது. நான் தூக்கல ஆச்சி. கௌசிக்குக் குடுத்துட்டேன்."

"அது யாரு?"

"என்ன மாதிரி சுழல் போடுதவ. ஆட எடம் இல்லாம ஃபைனல்ல எங்களுக்குத் தண்ணி தூக்கிட்டு வந்தா. நான் வெரலச் சொல்லியிருந்தா அவ ஆடியிருப்பா. மூணு தடவ என் பக்கத்துல வந்து தண்ணி குடுத்தா. ஒவ்வொரு தடவையும் 'நல்லா போடுட்டி'ன்னா."

வத்தல் நெடியால் கண் கலங்கியதா, வேறா, கேட்கவில்லை. களத்து ஓரத்தில் திரும்பும்போது கேட்டாள்:

"ஆச்சி, என்ன சொல்லி நேந்தீங்க?"
"கப்பு வரணும்னு."
"நான் நல்லா போடணும்னு கேக்கலியா?"

கேட்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. அவள் நன்றாகத்தான் போடுவாள் என்று இருந்துவிட்டேன். அம்மன் கேட்டதைச் சரியாகக் கொடுத்துவிட்டாள். கேட்காததைக் கொடுக்கவில்லை.

"அப்ப ஜெயிச்சவ முடிய எடுக்கச் சொல்லுங்க. எங்க கேப்டனுக்கு இடுப்பு வரைக்கும் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ராத்திரி பிளாஸ்திரியைப் பிரித்து அவள் விரலைப் பார்த்தேன். விளக்கெண்ணெய் போட்டுவிட்டேன். உள்தோல் சிவந்து கிடக்கிறது. இந்தக் கையால் சோற்றை அள்ளினாள் என்று சின்னதில் அகப்பையால் அடித்தவள் நான்தான்.

அவள் விரலை மறைத்தாள். நான் நேர்ச்சையை மறைத்தேன்.

பங்குனி 10, செவ்வாய்

காலை ஏழரை பஸ். விளாத்திகுளம் ரோட்டில் இறங்கி அரை மைல் நடை. நான், பேச்சி, மாரி. மாரி வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். வழியெல்லாம் பருத்திமாறு, பறித்து முடித்த காய்ந்த செடி. கரிசல் நில வெடிப்பில் செருப்பு மாட்டி ஒரு தரம் விழப் பார்த்தேன். பேச்சி கையைப் பிடித்தாள்.

கொண்டுபோனது: தேங்காய், பழம், பூ, எலுமிச்சம்பழம் 5, மஞ்சள் துணி.

முடி எடுக்கிறவர் வேப்பமரத்தடியில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பேச்சி கிட்ட வரவில்லை. மாரி அவள் தோளைப் பிடித்தபடி நின்றாள். நான் போய்ப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். கீழே உட்காரும்போது முழங்கால் சத்தம் அவருக்கே கேட்டிருக்கும்.

பூசாரி வந்தார். "என்னக்கா, நேந்தது ஒங்க முடியா?"
"பேத்தி முடி. நேந்த வாயி என்னுது. என் தலைய எடுத்துக்கிடட்டும்."
"அதுக்குப் பதிலா இதுன்னு மாத்திக் குடுக்க அம்மன் என்ன சீலக்கடையா வச்சிருக்கா?"
"அந்தப் பிள்ளைகிட்ட நான் கேக்கல பூசாரி. கேக்காம நேந்தது என் தப்பு. அம்மன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். நீரு தண்ணிய ஊத்தும்."

பூசாரி ஊற்றினார், முடி எடுக்கிறவர் மழித்தார். எனக்கு எவ்வளவு இருக்கப் போகிறது. ஒரு கைப்பிடி வரவில்லை, நரைத்தது. மடியில் விழுந்ததைப் பார்த்துப் பேச்சி சிரித்துவிட்டாள். வந்ததில் இருந்து முதல் சிரிப்பு.

"ஆச்சி, இத வச்சு அம்மனுக்கு ஒரு திரி கூடத் திரிக்க முடியாது!"

நான் எழுந்தேன். அந்தப் பலகையில் அவளே வந்து உட்கார்ந்தாள். யாரும் சொல்லவில்லை. மாரி "ஏட்டி!" என்றாள். பேச்சி சடையை முன்னால் எடுத்துப் போட்டு, நுனியில் இரண்டு விரலை வைத்து அளந்து காட்டினாள். காயம்பட்ட விரலும் அதில் ஒன்று.

"அண்ணாச்சி, நான் ரெண்டு ஓவர்தான் போட்டேன். ரெண்டு விரக்கடை எடுங்க."
"மிச்சம்?" என்றார் பூசாரி.
"மிச்ச ரெண்டு ஓவர் பாக்கி இருக்கு. நாலையும் முழுசா போட்டுட்டு வந்து தாரேன்."

பூசாரிக்குக் கிரிக்கெட் தெரியும் போல. சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மன் பக்கம் பார்த்தார். "சரி, பூமுடின்னு வச்சுக்கிடுவோம். பொம்பளப் பிள்ளைக்குப் பூமுடி உண்டு. ஒங்க ஆச்சிக்குத்தான் அது ஞாபகம் வரல" என்றார்.

உண்மைதான். நுனிமுடி கொடுத்தால் போதும் என்று எனக்கும் தெரியும். கப்பு ஆசையில் தலை முழுவதையும் சொல்லிவிட்டேன். இரண்டு விரற்கடை நறுக்கி, மஞ்சள் துணியில் முடிந்து அம்மன் முன்னால் வைத்தாச்சு.

திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் ஓரம். அம்மன் கொடுத்த எலுமிச்சம்பழத்தை வலது கையில் உருட்டிக்கொண்டு வந்தாள். கயத்தாறு போகிற லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டியது. திரும்பிப் பார்த்தபோது பழம் இடது கைக்கு மாறியிருந்தது. மேலே சுழற்றிவிட்டுப் பிடிக்கிறாள். வலிக்கிறது, உதட்டைக் கடிக்கிறாள், மறுபடி சுழற்றுகிறாள். சாமி பழத்தை வைத்து விளையாடாதே என்று சொல்ல வேண்டியவள் நான். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாரி சந்தனம் அரைத்து என் தலையில் பூசினாள். குளுகுளு என்று இருந்தது. "அடுத்த தடவ எனக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க அத்த." சொல்கிறேன் என்றேன்.

பங்குனி 11, புதன்

காலை ஆறு மணி பஸ்ஸுக்குப் பேச்சி போய்விட்டாள். விரலைக் கோச்சிடம் காட்டுகிறேன் என்றாள். அதற்கு முன்னால் கௌசியிடம் சொல்ல வேண்டும் என்றாள். என்ன சொல்வாள் என்று கேட்கவில்லை.

ஒரு முட்டை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

மொட்டைத் தலையில் வெயில் சுள்ளென்று. துண்டு கட்டிக்கொண்டு களத்துக்குப் போனேன். செண்பகம் பார்த்துவிட்டு, "அத்த, பேத்திக்குன்னு சொல்லிட்டு நீங்க போட்டு வந்திருக்கீங்களே!" என்றாள். "பால் பொங்கிறப் போகுது, போய்ப் பாரு" என்றேன். அப்படியே வீட்டுக்குள் போய்விட்டாள்.

இடுப்பு விட்டுப் போகிறது. இன்றைக்கு இன்னொரு தரம் கிண்ட முடியாது. மகன் கிண்டட்டும்.

அந்தப் பேப்பர்ப் படத்தைச் சட்டம் போடவில்லை. டைரிக்குள் வைத்துவிட்டேன்.

தபால் கார்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். எழுத வேண்டியது, முதலில் இங்கே:

பேச்சிக்கு, ஆச்சி எழுதுவது. இங்கு நலம். தலை குளிர்ச்சியாக இருக்கிறது. விளக்கெண்ணெய் தினம் போடு. இனி உன்னைக் கேட்காமல் எதையும் நேர மாட்டேன். கப்பு காலேஜ் ஆபீசில் கண்ணாடி அலமாரியில் இருக்கிறதாகச் சொன்னாய். கேட்டு வெளியே எடுத்துத் தூக்கிப் பிடி. தனியாகப் பிடிக்க மனசு வராவிட்டால் தண்ணி தூக்கின அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டு ஆளுக்குக் கப்பின் ஒரு காதைப் பிடியுங்கள். முன்னால் நெட்டைப் பிள்ளை யாரும் நிற்கக்கூடாது. ஒரு புதுப் படம் எடு. போனில் அனுப்பாதே, அது உங்க அப்பன் போனோடு போய்விடும். காகிதத்தில் போட்டு, தபாலில் அனுப்பு.