கப்பல் வருமென்று சொன்னவர்

மிசிசாகா,
யூன் 4, 2009.

அன்புள்ள மகன் றோய் அறிவது,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், இந்த நாட்களில் அதற்குப் பெயர்தான் சுகம் என்று வைத்துக்கொள். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, கண்ணை மூடி நித்திரை கொள்ள மடுமாதா துணை நிற்கட்டும். மே மாதம் நடுவிலிருந்து நீ போன் எடுப்பதில்லை. அடித்து அடித்து, உன் குரலில் அந்த மெசேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அது பாடமாகிவிட்டது. அப்பா சொன்னார், பிள்ளை படிப்பில் மினக்கெடுகிறான், விடு என்று. எனக்கு யாரும் காதில் பூச்சுற்ற ஏலாது மகன். ஏன் எடுக்கிறாய் இல்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் கடிதம் எழுதுகிறேன், போனை வெட்டுகிற மாதிரி இதை நடுவில் வெட்ட உன்னால் ஏலாது, கடைசிவரை வாசி.

முதலில் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சீனி ஏறி இறங்குகிறது. மாசியிலிருந்து அமெரிக்கக் கொன்சுலேற் வாசலில் குளிருக்குள் நின்று நின்று அவருக்குத் தொண்டை போய்விட்டது, பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை சண்டையை நிறுத்தச்சொல்லி நெடுஞ்சாலையில் ஏறி இருந்த சனத்தோடு தானும் இருந்தார், இப்போது கதைத்தால் காற்றுத்தான் வருகிறது. தை மாதம் அவர் பேப்பரிலிருந்து அமெரிக்காவின் புது ஜனாதிபதியின் படத்தை வெட்டித் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாரே, நீயும் பார்த்துச் சிரித்தாய், அதைப் போன கிழமை தானே கழற்றினார். பிசின் பிடித்த இடத்தில் பெயின்ற் உரிந்து நிற்கிறது. எனக்கு விமானச் சாப்பாடு கட்டுகிற அதே வேலைதான், கை தன் பாட்டில் கட்டுகிறது, மனம் முள்ளிவாய்க்காலில் நிற்கிறது. நீ கீழே வைத்துவிட்டுப் போன புத்தகப் பெட்டிகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, நனைந்ததைக் காயவைத்திருக்கிறேன், நீ வந்துதான் எதை எறிவது என்று சொல்லவேண்டும்.

இனி விசயத்துக்கு வருகிறேன். அகஸ்ரின் மாமா இல்லை என்பது உறுதியாகிவிட்டது. மே பதினாறாம் திகதி, முள்ளிவாய்க்காலில் செல் விழுந்து. புதைத்தார்களா என்றுகூடத் தெரியாது. எனக்கு அண்ணன் என்று இருந்தது அவர் ஒருவர்தான். நான் இன்னும் வாய்விட்டு அழவில்லை, அழுகை வருகிறபோது வேறு ஒன்று வந்து குறுக்கே நிற்கிறது, அதைத்தான் எழுதப்போகிறேன். முப்பத்தோராம் நாள் பூசையை இங்கே எங்கள் கோவிலில் ஒப்புக்கொடுக்கிறோம். மாமாவிடம் படித்த பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அவர் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்கிறார்கள். மார்க்கம் நகரத்தில் இருக்கிற எஞ்சினியர் இராஜரட்ணம்தான் முன்னுக்கு நிற்கிறார், மாமா மரத்துக்குக் கீழே பலகையைச் சாத்திவைத்துச் சரித்திரம் படிப்பித்த காலத்துப் பிள்ளை. அவர் அழுதழுது சொன்னார், இடம்பெயர்ந்து போன ஊரிலெல்லாம் மாஸ்ரர் முதலில் பள்ளிக்கூடத்தைப் போட்டுவிட்டுத்தான் தனக்குக் கொட்டில் போட்டவர் என்று. அது உண்மை. சும்மா சொல்லக்கூடாது, அந்த மனிதனால் படித்து ஆளாகினவர்கள் இந்த ரொறன்ரோ முழுக்க இருக்கிறார்கள். அட்டையில் என்ன போடுவது என்றுகூட முடிவாம், பலரை வாழவைத்த பேராசான் என்று. வாழ்க்கை வரலாற்றை மட்டும் றோய் எழுதட்டும், சரித்திரம் படிக்கிற மருமகன் இருக்க வேறு யார் எழுதுவது என்றார். நானும் பெருமையாக ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் விட்பியிலிருந்து கிளடிஸ் எடுத்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், ஒளிவிழாவுக்குப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்குவாளே, அவள்தான். அவளுடைய தங்கச்சி குடும்பம் மாமாவின் பங்கருக்குப் பக்கத்துப் பங்கர். தங்கச்சியும் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள், தங்கச்சியின் புருசன் அருள்நாயகம் மட்டும் தப்பிச் செட்டிகுளம் முகாமில் இருக்கிறான். கிளடிஸ் என்னிடம் மெதுவாகத்தான் கேட்டாள், கல்வெட்டில் பலரை வாழவைத்தவர் என்று போடப்போறீங்களாமே அக்கா, உண்மையோ என்று. அவ்வளவுதான் கேட்டாள். நான் அன்றைக்கே கொஞ்சம் சோறும் கறியும் கட்டிக்கொண்டு அப்பாவைக் கார் எடுக்கச்சொல்லி விட்பிக்குப் போனேன். செத்தவீட்டுக்குப் போகிறேன் என்றுதான் நினைத்துப் போனேன், அங்கே வழக்கு நடந்தது.

அருள்நாயகம் முகாமிலிருந்து யாரிடமோ போன் வாங்கி அவளோடு கதைத்திருக்கிறான். பங்குனி மாதம் சனம் களப்புக்குள்ளால் இறங்கி ஆமிப் பக்கம் போகத் தொடங்கினபோது இவனும் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு போக வெளிக்கிட்டானாம். மாமா மறித்தாராம். எங்களை ஏத்த அமெரிக்கன் கப்பல் விடப்போறான், கொஞ்சம் பொறுங்கோ, சேற்றுக்குள்ளை பிள்ளையளைச் சாகக் குடுக்காதையுங்கோ என்றாராம். மாஸ்ரர் சொன்னால் அந்தப் பக்கத்தில் வேதவாக்குத்தானே, இவனும் இன்னும் சில குடும்பங்களும் நின்றுவிட்டார்கள். கப்பலைப் பார்த்துப் பார்த்துச் சித்திரை போய் வைகாசி வந்தது. கடலில் நேவிக் கப்பல்தான் நின்றது. பிள்ளைகள் இரண்டும் ஒரே செல்லில். தாய் அடுத்த நாள். கிளடிஸ் இதைச் சொல்லும்போது அழவில்லை, மேசை விரிப்பின் நூலை இழுத்து இழுத்துக்கொண்டிருந்தாள், விரிப்பின் ஒரு மூலை பிரிந்தே போய்விட்டது.

அப்பா வாயைத் திறந்தார், களப்புக்குள் இறங்கினவர்களும் எல்லோரும் தப்பவில்லைத்தானே, இரண்டு பக்கமும் வெடி வைத்தவர்கள்தானே என்று. நான் மேசைக்குக் கீழே அவரைக் காலால் தட்டினேன். உண்மைதான், ஆனால் அதைச் சொல்லுகிற இடம் அதுவல்ல. பிறகுதான் கிளடிஸ் அந்த வார்த்தையைச் சொன்னாள். பிள்ளைகளை வெட்டின கிடங்கில் வைத்து மண் போட்டு மூடிவிட்டு அருள்நாயகம் மாமாவின் சட்டையைப் பிடித்தானாம், யார் உமக்குச் சொன்னது கப்பல் வருமென்று, சொல்லும் என்று. கிளடிஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒருத்தரும் சொல்லேல்லை, நான்தான் சொன்னனான் எண்டு நிண்டவராம் அக்கா. கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னவராம். அவ்வளவு திமிர்."

கிளடிஸுக்கு அது திமிர். எனக்கும் அப்பாவுக்கும் அது வேறு. அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். உனக்கு இப்போது விளங்கியிருக்கும்.

மாசி மாதம் மாமா எங்கேயோ ஒரு சற்றலைற் போனுக்கு வரிசையில் நின்று எடுத்தபோது நான்தானே உன்னையும் லைனில் சேர்த்தேன். அவர் என் சுகத்தைக்கூடக் கேட்கவில்லை. நீ வந்ததும் முதல் கேள்வி உன்னிடம்தான். "தம்பி, நீ உந்த ஜனாதிபதிமாரை நிறுத்துப் பாக்கிறவன். இந்தப் புது ஆள் எப்படி? கப்பல் விடுவாரோ?" நீ யோசிக்கவே இல்லை. "விடுவார் மாமா. இவர் பெரிய ஆக்களின்ர வரிசையிலை வரப்போறவர், பேசாமல் இருக்கமாட்டார்." நானும் அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம், எங்களுக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்பா அந்தச் சந்தோசத்தில்தான் கொன்சுலேற் வாசலுக்குப் போய் நின்றார். லைன் அறுகிறதுக்கு முதல் மாமா சிரித்தார், அதுதான் நான் கேட்ட அவருடைய கடைசிச் சத்தம்.

மார்கழியில் நத்தார் பெருநாளுக்கு நீ வந்தபோது குசினியில் நின்று உன் வேலையை எங்களுக்கு விளங்கப்படுத்தினாய். உன் புரொபெசர் சரித்திர ஆசிரியர்மாருக்குக் கேள்வித்தாள் அனுப்புகிறார், அவர்கள் ஒவ்வொரு ஜனாதிபதிக்கும் நெருக்கடியில் எப்படி, பொருளாதாரத்தில் எப்படி, நீதி நியாயத்தில் எப்படி என்று தனித்தனியாகப் புள்ளி போடுகிறார்கள், நீ கூட்டிப் பிரித்து வரிசை எடுக்கிறாய் என்று. செத்தவர்களுக்குச் சோதினை வைத்து என்னடா பாஸ் பண்ணப்போகிறார்கள் என்று நான் வெங்காயம் உரித்துக்கொண்டு பகிடி பண்ணினேன். அப்பா கடைசி இடம் யாருக்கு என்று கேட்டார். லிங்கனுக்கு முதல் இருந்தவர் அனேகமாக அடியில்தான் கிடப்பார், சண்டை வரப்போகிறது என்று தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர் என்றாய். ஜோன்சனுக்குக் கறுத்த சனத்துக்குக் கொண்டுவந்த சட்டத்தால் புள்ளி ஏறும், வியட்நாமால் இறங்கும், கூட்டிப் பிரித்தால் நல்ல இடத்தில்தான் நிற்பார் என்றாய். அன்றைக்கு எனக்கு அது பெரிய நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்குப் படவில்லை. உப்புக் கூடின கறியையும் உப்பில்லாத கறியையும் ஒரு சட்டியில் ஊற்றினால் ருசி சரிவரலாம். மரத்தடிப் பள்ளிக்கூடத்துக்குப் பத்துப் புள்ளி போட்டு, கப்பலுக்கு அதிலிருந்து கழித்து, அகஸ்ரின் மாமா இத்தனையாம் இடம் என்று நான் கிளடிஸுக்கு முன்னால் வைக்க ஏலுமோ.

இன்னொன்றும் சொன்னாய். ட்ரூமன் என்பவர் பதவி விட்டுப் போகும்போது சனம் திட்டித் தீர்த்தது, பிறகு பெட்டிகளைத் திறந்து காகிதங்களைப் பார்த்தபிறகு அவருடைய இடம் ஏறியது என்று. மகன், மாமாவின் பெட்டி எங்கே இருக்கிறது சொல்லு. அந்தப் போனில் கதைத்தது எங்கேயும் எழுதிக்கிடக்கவில்லை. அது நம் மூன்று பேரின் வயிற்றுக்குள் கிடக்கிறது. நாங்கள் வாயைத் திறக்காமல் செத்தால் ஐம்பது வருசம் போனாலும் அவர் திமிர் பிடித்த மனிதன்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்றைக்கு நான் கிளடிஸிடம் ஒன்றும் சொல்லவில்லை. காரில் வரும்போது அப்பா அந்தக் காற்றுக் குரலில் சொன்னார்: "போனவன் போயிட்டான். இருக்கிற பிள்ளையைப் பார்ப்பம். உந்தக் கதையை ஒருத்தரிட்டையும் சொல்லாதை." அவரில் பிழை சொல்லமாட்டேன், தகப்பன் அப்படித்தான் நினைப்பார். மாமாவும் அதைத்தான் நினைத்தார். சட்டையைப் பிடித்து உலுப்புகிறவனுக்கு முன்னால் நின்று, என் மருமகன் சொன்னவன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பாதிப் பழி இறங்கியிருக்கும். சொல்லவில்லை. நீ கனடாவில் வளர்ந்த பிள்ளை, அமெரிக்காவில் படிக்கிற பிள்ளை, உன் பெயர் அந்தக் கிடங்கின் கரையில் சொல்லப்படக்கூடாது என்று நினைத்திருக்கிறார். எனக்கு அவரில் கோபமும் வருகிறது, அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறவேண்டும்போலவும் வருகிறது.

நீ பொய் சொல்லவில்லை ராசா. அதை நான் ஆயிரம் தரம் சொல்லுவேன். போனவர்களை நிறுக்கத்தான் நீ படித்தாய், நாங்கள் உன்னிடம் நாளைக்கு நடக்கப்போவதைக் கேட்டோம். சரித்திரம் படித்தவனிடம் சாத்திரம் கேட்டது எங்கள் மூளைக்கேடு. அன்றைக்கு இந்த ஊரில் நம்பாத தமிழன் யார்? ஆனாலும் நீ சொன்ன சொல் கடலைத் தாண்டிப் போய் அந்தப் பிள்ளைகளை நிற்கவைத்தது, அதையும் நான் இல்லையென்று சொல்லமாட்டேன். கப்பல் வரவில்லை என்பது உனக்கும் தெரியும், அதுதான் போன் எடுக்கிறாய் இல்லை. ஒளித்துக்கொண்டிருந்தால் அது கரையாது, புளித்துக்கொண்டுதான் போகும்.

அதனால் நான் சொல்லுவதைக் கேள். பூசைக்கு முந்தின வெள்ளிக்கிழமை நீ இங்கே நிற்கவேண்டும், அப்பா பஸ்ஸுக்கு ரிக்கற் போட்டுவிட்டார், மனமில்லாமல்தான் போட்டார். சனிக்கிழமை நானும் நீயும் விட்பிக்குப் போகிறோம். நான் உனக்காகக் கதைக்கமாட்டேன், பக்கத்தில் இருப்பேன். மாமாவிடம் யார் சொன்னது என்று உன் வாயால் கிளடிஸிடம் சொல்லு. அவள் அடித்தால் வாங்கிக்கொள். வெளியே போ என்றால் வாசலில் நில். மன்னிப்பாள் என்று நான் உனக்கு ஆசை காட்டமாட்டேன், அவள் இடத்தில் நான் இருந்தால் மன்னிப்பேனோ என்று எனக்கே தெரியாது. அட்டையில் அந்த வாழவைத்தவர் என்ற வசனத்தை எடுக்கச்சொல்லி இராஜரட்ணத்திடம் சொல்லிவிட்டேன், அவருக்கு என்னில் கோபம், கிடக்கட்டும். உள்ளே உன் பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டுவைத்திருக்கிறார். மாமா செய்ததையும் எழுது, மறித்ததையும் எழுது, யார் சொல்லி மறித்தார் என்பதையும் எழுது. புள்ளி போடாதே.

வரும்போது கறுத்தக் கோட்டை மறக்காமல் கொண்டுவா. வழியில் கண்டதைத் தின்று வயிற்றைக் கெடுக்காதே. உனக்கு அந்தப் பக்கத்தை எழுதுகிற பலத்தையும், எங்களுக்கு அதை வாசிக்கிற பலத்தையும் மடுமாதா தரட்டும். அப்பாவும் நானும் உன் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறோம். பிறகு ஒன்று, இதை முக்கியமாக ஞாபகம் வைத்திரு. ஒரு மாதம் மட்டும் ஜனாதிபதியாக இருந்து செத்துப்போனவரைச் சில வரிசைகளில் சேர்ப்பதே இல்லை, நிறுத்துப்பார்க்கக் காலம் போதாது என்று நத்தாருக்குச் சொன்னாய். கிளடிஸின் தங்கச்சி பிள்ளைகளில் பெரியவன் டினோஜன், சின்னவள் ஷெரின். காலம் போதாது என்று இவர்களை விட்டுவிடாதே. மாமாவின் பக்கத்தில் இந்த இரண்டு பெயர்களையும் முதலில் எழுதிவிட்டு மற்றதைத் தொடங்கு.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
றோஸ்மேரி பஸ்ரியன்