மண்டபத்துக்கு நம் பெயர் வேண்டாம்

லூசியானா,
12 அக்டோபர் 2009.

என் அன்பு மகள் ரோசலிக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இடது முழங்காலைத் தவிர மற்றபடி நான் சுகம். அந்த அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சைமனும் அதே சுகத்தோடு இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் சேர்த்துக்கொள்கிறேன். சைமன் எழுதிய கடிதம் கிடைத்தது. விஷயம் நன்றாக இருக்கிறது, கையெழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. ஒன்பது வயதில் கன்னியர் மடத்தில் நாங்கள் அப்படி எழுதியிருந்தால் மதிய உணவு கிடைத்திருக்காது, அவனிடம் சொல். இங்கே வெண்டைக்காய் கடைசிப் பறிப்பும் முடிந்துவிட்டது, உனக்காக வெயிலில் உலர்த்தி வைத்திருக்கிறேன்.

புயலில் போன பங்கு மண்டபத்துக்குப் பதில் புது மண்டபம் அநேகமாகக் கட்டி முடித்துவிட்டார்கள். அதற்கு அப்பா நினைவாகவும் எனக்காகவும் நம் குடும்பப் பெயரில் ‘லாந்திரி மண்டபம்’ என்று வைக்கப்போவதாகவும், திறப்பு விழாவில் நீ வந்து எங்களைப் பற்றிப் பேசுவதாகவும் மண்டபக் குழுத் தலைவர் நார்பர்ட் உன்னிடம் தொலைபேசியில் சொல்லி, நீயும் அழுதுகொண்டே சரி என்றாயாம். மகளே, அந்தப் பெயரை நான் எடுக்கவைத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். கோபித்துக்கொள்வதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

நார்பர்ட் என்னிடம் வந்து, யாரும் துணியாத காலத்தில் ஒரு கறுப்புக் குழந்தையை எடுத்து வளர்த்த வெள்ளைக்காரத் தம்பதி நீங்கள், உங்களுக்கு இந்தப் பங்கு நன்றி சொல்ல வேண்டும் என்றபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு நாள் அந்த மகிழ்ச்சியிலேயே நடமாடினேன். மூன்றாம் நாள் உன் ஞானத்தாய் எர்னஸ்டின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பீக்கன் கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “வைக்கட்டும்டி அடேல், கூரை ஒழுகாம இருந்தா சரி. கல்லுல பேரப் பொறிக்கறப்போ எழுத்துப் பிழை இருக்கான்னு நீயே போய் நின்னு பாத்துக்க, இல்லன்னா உனக்குத் தூக்கம் வராது” என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஏனென்று உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை.

நம் கோயிலில் அப்போது கறுப்பர்களுக்குக் கடைசி நான்கு பெஞ்சுகள். பீடத்தின் முன்னால் கிராதியில் வெள்ளைக்காரர் எல்லோரும் முழங்காலிட்டு நன்மை அப்பம் வாங்கி எழுந்து போன பிறகுதான் அவர்கள் வர வேண்டும். யாரும் எழுதி வைத்த விதியில்லை, ஆனால் யாரும் மீறினதுமில்லை. 1964-இல் பெந்தெகொஸ்தே ஞாயிறன்று எர்னஸ்டின் வெள்ளைக்காரரின் முதல் வரிசையோடேயே எழுந்து வந்து கிராதியின் நடுவில் முழங்காலிட்டாள். அப்போது அவள் பங்குப் பள்ளியில் சமையல்காரி. சாமியார் அவளைத் தாண்டிப் போனார். பூசை முடிந்து விளக்கு அணைக்கும் வரை அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். மூன்றாம் வாரம் சமையல் வேலை போயிற்று. பதினோரு ஞாயிறு அவளைத் தாண்டிப் போனவர் பன்னிரண்டாம் ஞாயிறு நின்றார், அவள் நாவில் நன்மை வைத்தார். இதெல்லாம் ஊருக்கே தெரியும், உனக்கும் தெரியும். தெரியாதது இதுதான். அந்தப் பதினொன்றில் ஒரு ஞாயிறு அவள் வந்து முழங்காலிட்டது என் பக்கத்தில். நான் என் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனேன்.

ஒன்பது வருஷம் கழித்து உன்னை மூன்று மாதக் குழந்தையாக எங்கள் கையில் கொடுத்தார்கள். வெள்ளைக்காரர் கறுப்புக் குழந்தையைத் தத்தெடுக்கக் கூடாது என்று நம் மாநிலத்தில் சட்டமே இருந்தது, அதற்கு முந்தைய வருஷம்தான் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அந்தச் சட்டம் தானாகப் பழுத்து உதிரவில்லை. வேலை இழந்து, அடி வாங்கி, சிறைக்குப் போய், மண்டியிட்டு எழுந்திருக்காமல் ஊரூராக எத்தனையோ பேர் அதன் வேரை அறுத்தார்கள். நான் அந்த வழியில் ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை. அவர்கள் திறந்த கதவு வழியாக உள்ளே வந்து உன்னைத் தூக்கிக்கொண்டேன். நன்றி நான் சொல்ல வேண்டியது, எனக்குச் சொல்ல வேண்டியதல்ல.

போன ஞாயிறு பூசைக்குப் பிறகு, பெயருக்கு ஒப்புதல் வாங்கக் கோயிலிலேயே கூட்டம் போட்டார்கள். நான் எழுந்து, மண்டபத்துக்கு எர்னஸ்டின் கில்லரி பெயர்தான் வைக்க வேண்டும் என்றேன். நார்பர்ட் சங்கடப்பட்டுச் சிரித்து, எல்லோருக்கும் பொதுவான பெயராக இருந்தால் நல்லது என்றார். அவள் மண்டியிட்டது எல்லோருக்குமாக இல்லையா என்று கேட்டுவிட்டு, பாவாடையை ஒதுக்கியதை ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டேன். பின்னாலிருந்து யாரோ ஒருவர், “பாவசங்கீர்த்தனத்த சாமியார்கிட்ட பண்ணுங்கம்மா, மைக்குல எதுக்கு” என்றார். சாமியாரிடம் நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்பே பண்ணியாயிற்று, இவளிடம்தான் பாக்கி என்றேன். அப்போது எர்னஸ்டின் ஊன்றுகோலைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். “நீ தள்ளிப் போனது எனக்குத் தெரியாதாடி? தெரிஞ்சுதான் உன் பிள்ளைக்கு ஞானத்தாயா வந்தேன். அன்னிக்கு எடம் நல்லா தாராளமா இருந்துச்சு, அகலமா முட்டி போட்டேன்” என்றாள். முதலில் கடைசி பெஞ்சுகளில் சிரிப்பு கிளம்பியது, பிறகு கோயிலே சிரித்தது. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார்கள். மகளே, பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். உட்கார்ந்தே இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நார்பர்ட்டும் நின்றார், கொஞ்சம் தாமதமாக. தன் பெயர் வேண்டாம் என்று எர்னஸ்டின் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி வைத்துத் தொலையுங்கள், ஆனால் அடுப்படியைப் பெரிதாக்கிக் கொடுங்கள், இவ்வளவு பேருக்குக் கம்போக் குழம்பு கிண்டுவது எங்கே என்று கேட்டாள். அதற்கும் ஒப்புதல் வாங்கிவிட்டேன். அத்தனை வருஷப் பூசைகளில் அன்று போல நிமிர்ந்து நான் அந்தக் கோயிலை விட்டு வெளியே வந்ததில்லை.

நவம்பர் முதல் ஞாயிறு திறப்பு விழா. பயணச்சீட்டை மாற்றாதே, நீ கட்டாயம் வர வேண்டும், கட்டாயம் பேச வேண்டும். உன் ஞானத்தாயைப் பற்றிப் பேசு, பெயர் தெரியாத மற்றவர்களைப் பற்றிப் பேசு. பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், தாளைப் பார்த்துப் படிக்காதே. உன்னையும் மாப்பிள்ளையையும் சைமனையும் தேவதாய் தன் போர்வைக்குள் வைத்துக் காப்பாளாக. என்னைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது என்று நினைத்தால், தியாகம், துணிச்சல், பெரிய மனசு என்ற சொல் ஒன்றும் வாயில் வரக் கூடாது. என் பக்கம் கையைக் காட்டி, இவர் என் அம்மா என்று மட்டும் சொல். அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யாரும் தர முடியாது.

உன்னை என்றும் ஆசீர்வதிக்கும்
அம்மா,
அடேல் லாந்திரி