தொப்பி போட்ட நிழல்

ஆரணி,
12.4.2025

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு அப்பா பரசுராமன் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கே உன் சளியைத் தவிர மற்றதெல்லாம் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள், எதிர்வீட்டு கண்ணகி வரைக்கும் கேட்கும். இது அந்தரங்கம். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பாங்க் ஆபீசர் அம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இமாச்சலத்துக்கு மாற்றலாகிப் போன ஆறே மாதத்தில் மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறாய். அதுவும் புழு கோர்த்துக் கரையில் உட்காருகிற நம் ஊர் மீன்பிடிப்பு இல்லை. இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய் ஈயை, நீளக் கழியால் தண்ணீர் மேல் வீசிப் பிடிப்பதாம். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவதாம். அப்புறம் எதற்கம்மா பிடிக்கிறாய்? இருக்கட்டும்.

நீ அனுப்பிய போட்டோவைத் தனசேகரன் ஸ்டூடியோவில் கொடுத்துக் காலண்டர் அளவுக்குப் பெரிதாக்கி வாங்கினேன். "இன்னாண்ணே, பொண்ணு பார்க்க வராங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். முழங்கால் தண்ணீரில் நிற்கிறாய், அழகாகத்தான் இருக்கிறாய். ஆனால் உன் பக்கத்தில் கூழாங்கல் மேல் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. தொப்பி போட்ட நிழல். போட்டோ எடுத்தவருடையது. சேலையில் இழை எண்ணுகிற லென்சை வைத்து அரை மணி நேரம் பார்த்தேன். அந்தத் தோள், களம்பூர் மில்லில் மூட்டை தூக்குகிறவர் தோள் மாதிரி இருக்கிறது.

யாரம்மா அது?

கோபம் இல்லை. பயம்தான். வந்தவாசி மாப்பிள்ளை வீட்டார் ஆடிக்கு முன்னால் பதில் கேட்கிறார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் உன் அண்ணன் ஹேமநாத், நிச்சயதார்த்தத்தன்று காலையில் பல் தேய்க்கப் போகிறவன் போல எழுந்து போனான். தாம்பூலத் தட்டும் கையுமாக நான் நின்ற நிற்பை நீயும் பார்த்தாய். அவன் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவன் நான். நானே எடுக்கிறேன், பார். உனக்கு மனசில் யாராவது இருந்தால் வாயைத் திறந்து சொல். இன்னொரு பிள்ளையும் சொல்லாமல் போனால் தாங்குகிற உடம்பு இல்லை இது.

பின்குறிப்பு: எனக்கும் அந்த ஈ மீன்பிடிப்பைக் கற்றுக்கொள்ள ஆசை வந்திருக்கிறது. எப்படித் தொடங்குவது, உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது, அவர் பெயர், ஊர், வயது எல்லாம் விவரமாக எழுதவும்.

உன் அப்பா,
பரசுராமன்


பஞ்சார்,
24.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சளி போய்விட்டது. உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரிப்புதான் வந்தது. சொல்லிக்கொடுத்தவர் வயதைக் கேட்டுக் கற்றுக்கொள்கிற வித்தை உலகத்தில் எது அப்பா?

போட்டோ எடுத்தது அகல்யா. என் கூட வேலை பார்க்கிற சேலத்துப் பெண். காலேஜில் குண்டு எறிதலில் பரிசு வாங்கியவள், அதனால்தான் அந்தத் தோள். வெயிலுக்குத் தொப்பி. போதுமா? வந்தவாசிக்கு நீங்கள் என்ன பதில் வேண்டுமானாலும் சொல்லுங்கள், என்னைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். என் மனசில் யாரும் இல்லை. இருந்தால் உங்களிடம்தான் முதலில் சொல்வேன்.

நிஜமாகவே கற்றுக்கொள்ள ஆசை என்றால் கேளுங்கள். முதல் நாளே தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது, காலி இடத்தில் பழக வேண்டும். கொக்கியே வேண்டாம். நூல் முனையில் ஒரு சின்னத் துணித் துணுக்கு போதும். கழியைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். பின்னால் போன நூல் முழுசாக நீளும்வரை காத்திருந்து, அப்புறம் முன்னால் வீசுங்கள். புதியவர்கள் எல்லோரும் தோற்பது அந்தக் காத்திருப்பில்தான். அவசரப்பட்டால் சாட்டை போலச் சொடுக்கி, முனை அறுந்து போகும். நான் முதல் வாரத்தில் பதினோரு ஈக்களைத் தொலைத்தேன்.

இன்னொன்று, நம் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. விழுந்தால் மீன் ஓடிவிடும். அதனால் சூரியன் முகத்துக்கு நேராக இருக்கும்படி நிற்பார்கள்.

அம்மாவிடம் கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

அன்புடன்,
ஜெயா


ஆரணி,
9.5.2025

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. அகல்யாவுக்கு என் ஆசீர்வாதம். அவள் வீட்டார் பெயரும் சேலத்தில் எந்தத் தெரு என்பதும் எழுதவும். அங்கே எனக்குத் தெரிந்த ஜவுளிக்காரர்கள் இருக்கிறார்கள், சும்மா விசாரித்து வைக்கலாம்.

நீ சொன்னபடி தொடங்கினேன். மூங்கில் கழி, அதன் முனையில் மெழுகு தடவிய பட்டு நூல். காலி இடம் என்றால் நமக்குத் தெருதான். கொக்கி வேண்டாம் என்று எழுதியிருந்தாய். கொக்கி இல்லாமல் மீன் பிடிப்பதைப் பார்த்தால் ஊர் சிரிக்கும் என்று ஒன்றைக் கட்டிக்கொண்டேன். காலையில் கோபிநாத் தறியில் ஏற்ற வேண்டிய புதுப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டி இழை சரிபார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். நான் அதற்கு எதிர்ப்பக்கம்தான் வீசினேன். ஆனால் நூல் முதலில் பின்னால் போகும் என்பதை மறந்துவிட்டேன்.

"யோவ் பரசு! ஜல்தி கழியக் கீழ போடுய்யா! பாவுல மாட்டிகினு இழுக்கிறியே!" என்று கத்தினான்.

"மீன் புடிக்கப் பழகுறேம்ப்பா" என்றேன்.

"நடுத்தெருவுல இன்னா மீனு? சுறாவா?"

அறுந்தது நாற்பத்தி மூன்று இழை. மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிணைத்துக் கொடுத்தேன். உன் அம்மா வாசலில் நின்றுகொண்டு, "மாப்பிள்ளை புடிங்கன்னா மீன் புடிச்சிகினு இருக்காரு" என்று தெருவுக்கே சொன்னாள். கடிதத்தைக் காட்டவில்லை, ஆனால் இந்தப் பேஜாரை எப்படி மறைப்பது? மறுநாளிலிருந்து கொக்கி இல்லை, இடமும் பள்ளிக்கூட மைதானத்துக்கு மாறியது. வலது தோள் வீங்கி, இடது கையால் வீசிப் பார்த்தேன். கழி என் மூக்கிலேயே அடித்தது. இந்த வீட்டில் இடது கை வேலை செய்தது ஒருத்தனுக்குத்தான். அதை விடு.

இப்போது சந்தேகம். நிழல் தண்ணீரில் விழக் கூடாது என்பது முதல் பாடம் என்கிறாய். உன் அகல்யாவுக்கு அது தெரியாதா? தெரிந்தவர் என்றால் எதற்காக வேலை மெனக்கெட்டு நிழல் விழுகிற இடத்தில் நின்று போட்டோ எடுத்தார்? உன்னை ஒன்று கேட்கிறேன். நீ கட்டிய ஈ ஒன்றை அனுப்பு. உன் கையால் கட்டியதாக இருக்க வேண்டும். பள்ளியில் பட்டன் தைக்கச் சொன்னதற்கே அழுதவள் நீ, உன் கைவேலை எனக்குத் தெரியும்.

உன் அப்பா,
பரசுராமன்


பஞ்சார்,
21.5.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபிநாத் மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அதைப் படித்து இரண்டு நாள் சிரித்தேன். சிரித்தோம். அகல்யாவும் நானும்.

அப்பா, எனக்கும் உங்கள் மேல் சந்தேகம்தான். நீங்கள் மீன் பிடிக்கப் பழகுகிறீர்களா, என்னைப் பிடிக்கப் பழகுகிறீர்களா? சேலத்து விலாசம் தர மாட்டேன்.

கேட்ட ஈயைத் தீப்பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். நானே கட்டியது. உடம்பு மஞ்சள் நூல், கழுத்தில் சேவல் இறகு. சனிக்கிழமை இதே மாதிரி ஒன்றில்தான் ஒரு சாண் நீள டிரவுட் மீன் வந்தது. தண்ணீருக்குள் வைத்தே கொக்கியைக் கழற்றினேன். உள்ளங்கையில் ஒரு நிமிஷம் படுத்திருந்து, வால் ஒரு சொடுக்கு, போய்விட்டது. அதற்காகத்தான் பிடிக்கிறேன் அப்பா.

இங்கே கிடைக்கிற நூல் தடிமன். நம் ஆரணிப் பட்டு நூல் ஒரு கண்டும், துண்டுச் சரிகை கொஞ்சமும் அனுப்பினால் நன்றாக இருக்கும். ஜூலையில் லீவு போட்டு வரப் பார்க்கிறேன். நேரில் நிறைய பேச வேண்டும்.

அன்புடன்,
ஜெயா


ஆரணி,
4.6.2025

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு,

தீப்பெட்டி பத்திரமாக வந்தது. உன் பொய்யும் பத்திரமாக வந்தது.

முதலில் நல்ல சேதி. நூல் இப்போது பின்னால் போய் முழுசாக நீள்கிறது. காத்திருக்கப் பழகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போய் நிழல் விழாமல் நின்று மூன்று மணி நேரம் வீசினேன். ஒரு பிளாஸ்டிக் பையும் ஒரு ரப்பர் செருப்பும் மாட்டின. உன் வழக்கப்படி திரும்ப விடலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று கரையில் போட்டேன்.

இப்போது ஈ. கொக்கி என் சுண்டு விரல் நகத்தில் பாதிகூட இல்லை. அதில் இத்தனை நெருக்கமாக, இழை மேல் இழை ஏறாமல் சுற்றியிருப்பதைப் பார்த்ததுமே இது உன் கை இல்லை என்று தெரிந்தது. கட்டியவன் தறியில் உட்கார்ந்தவன். சரி, பட்டுக்காரப் பையன் எவனோ என்று ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது. அப்புறம் லென்சை எடுத்தேன்.

நூல் எதிர்ப்பக்கம் சாய்ந்து சுற்றியிருந்தது. கண் பொய் சொல்கிறதோ என்று கடையில் அதே அளவு கொக்கி வாங்கி, அதே மாதிரி மஞ்சள் நூலை நானே சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். என்னுடையது ஒரு பக்கம் சாய்கிறது, அது மறுபக்கம் சாய்கிறது. இடது கைக்காரன் சுற்றினால்தான் அப்படி வரும்.

உன் அண்ணனுக்கு ஒன்பது வயதில் நூல்கண்டு சுற்றப் பழக்கும்போது, பீச்சாங்கையால் தொட்ட பட்டு விளங்காது என்று அந்தக் கையைத் துண்டால் இடுப்போடு கட்டிப்போட்டேன். அவிழ்த்ததும் மறுபடி அதே கை. தெருவே பார்த்துச் சிரிக்கும், நானும் சிரித்துச் சமாளிப்பேன். அவன் சிரித்தானா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்ட பிள்ளைதான் அவன். நிச்சயம் வரைக்கும் தலையாட்டினான். அந்தக் கை மட்டும் கேட்கவில்லை. நல்லவேளை. அதுவும் கேட்டிருந்தால் இன்றைக்கு எனக்கு எதை வைத்துத் தெரிந்திருக்கும்?

ஈயைக் கொண்டுபோய் உன் அம்மாவிடம் நீட்டினேன். என்னவோ பெரிய துப்பறிவாளன் போல விளக்கினேன். அவள் அடுப்பை அணைக்காமலே, "இதுக்கு லென்சு வேற வேணுமா உங்களுக்கு? போட்டோ வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்ங்க. அந்த நிழலு ஒத்தக் காலச் சாச்சிகினு நிக்கிற நிப்பு வேற யாருக்கு வரும்? உங்க உத்தரவு இருக்கே, அதான் வாயத் தொறக்கல" என்றாள். அப்புறம் அடுப்பையும் அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். இரண்டு மாதமாக அந்தப் பெரிய போட்டோவை அவள் சமையல்கட்டில் மாட்டி வைத்திருந்தது உன் அழகுக்காக என்று நினைத்திருந்தேன்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நிழல் விழாமல் நிற்கத் தெரிந்தவன், உனக்கே அதைச் சொல்லிக்கொடுத்தவன், தெரியாமலா நிழலைப் படத்தில் விட்டான்? விட வேண்டும் என்றே விட்டிருக்கிறான். நான் பார்க்க வேண்டும் என்று.

வந்தவாசிக்காரர்களிடம், பெண் ஜூலையில் வருகிறாள், அவளைக் கேட்காமல் பதில் இல்லை என்று சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

நீ கேட்ட பட்டு நூல் இரண்டு கண்டு அனுப்புகிறேன். ஒன்று உனக்கு, வழக்கம் போலச் சுற்றியது. இன்னொன்றை இடது கைக்குத் தோதாக, இடது கையால் நானே சுற்றினேன். ஒரு பகல் முழுக்க ஆனது. மூன்று இடத்தில் சிக்கு இருக்கும். சிரிக்க வேண்டாம் என்று அவனிடம் சொல். சிரித்தாலும் பரவாயில்லை.

அடுத்த போட்டோவை அந்தக் குண்டு எறிகிற அகல்யா என்று நிஜமாகவே ஒருத்தி இருந்தால் அவளை எடுக்கச் சொல். ஆற்றில் நீயும் அவனும் நிற்க வேண்டும். அவனைத் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கச் சொல். காலண்டர் அளவுக்குப் போடப் போகிறேன், முகம் தெரிய வேண்டும்.

அப்பா,
பரசுராமன்