பன்றி காட்டிய மேல் ஏரி

உங்கள் ஹெட்செட் நேற்று என்னிடம் வந்து சேர்ந்தது. உங்கள் மனைவி பொட்டலமாகக் கட்டி பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருந்தார். காதில் படும் பஞ்சில் தைல வாசனை அப்படியே இருக்கிறது. நெற்றியில் பூசிக்கொண்டுதான் நீங்கள் விளையாட உட்காருவீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் குரல்தான்.

நாம் பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதே மின்சாரம் போய்த்தான் தெரிந்தது. இணைய விளையாட்டில் பல மாதங்களாக ஒரே குழுவில் இருந்தோம். நீங்கள் வில்லாளி, நான் காயம் ஆற்றுபவன். ஒரு மழை நாளில் நாம் இருவரும் சண்டைக்கு நடுவே சிலையாக நின்றுவிட்டோம். திரும்பி வந்ததும், பதுளையில் கரண்ட் இல்லை என்று குழுவிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். “ஹாலிஎலயிலயும் இல்லை ஐசே” என்று தமிழில் ஒரு வரி வந்து விழுந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த நில அளவையாளர் நீங்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பதுளையில் புவியியல் படிப்பிக்கும் நான் அன்றிலிருந்து உங்களுக்கு மாஸ்டர்.

விளையாட்டில் உங்களோடு ஒரு காட்டுப்பன்றி வரும். அலுவலகத்தில் ஏவலுக்கு நிற்பவரைப்போல அதற்குப் ‘பியோன்’ என்று பெயர் வைத்திருந்தீர்கள். “கூப்பிட்டா உடன வராது. வரேக்குள்ள ஊர்ச்சனத்தையும் கூட்டிக்கொண்டு வரும்” என்பீர்கள். உண்மைதான். அதை நடத்துவது நீங்கள் அல்ல, விளையாட்டின் கணக்கு. நாம் மேட்டிலிருந்து கீழே குதித்தால் அது குதிக்காது. நடக்கக்கூடிய வழியைத் தேடிக் குகை முழுவதும் சுற்றி ஓடும், வழியில் தூங்கும் அரக்கர்களையெல்லாம் எழுப்பி நம்மிடம் கூட்டிவரும். குதிக்கும் முன் விலங்கை மறைத்துவிட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. ஒரு நாள் நீங்கள் மறந்தீர்கள். குழுவே செத்தது. தலைவன் வாய்க்கு வந்தபடி திட்டி உங்களை நீக்கினான். நானும் கூடவே வெளியேறினேன். பாடசாலை அதிபர் பதவியை இன்னொருவனுக்குக் கொடுத்த கல்வி அலுவலகத்தையும், அப்பாவின் வீட்டை விற்ற அண்ணனையும் மன்னிக்காத நான், அந்தத் தலைவனையும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நீங்களோ அவனை மறுநாளே மறந்தீர்கள். உங்கள் மனம் வேறோர் இடத்தில் இருந்தது. பனிமலை நகரத்துக்கு மேலே ஒரு வெள்ளைச் சமவெளி தெரியும், அதன் விளிம்பிலிருந்து மெல்லிய அருவி ஒன்று விழும். பாதை கிடையாது. அது வெறும் காட்சிக்கு வரைந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

“தண்ணி விழுதெண்டா மேல குளம் இருக்கோணும்” என்றீர்கள். பிறகு சாதாரணமாகச் சொன்னீர்கள்: “திங்கட்கிழமை கொழும்புக்குப் போறன். நெஞ்சைத் திறக்கப் போறாங்களாம். அதுக்கு முந்தி அதைப் பாக்கோணும்.”

அதற்குமுன் ஒரு தடவை, மலை முகட்டிலிருந்து பள்ளத்தில் குதித்திருந்தீர்கள். பியோன் நகரத்தைச் சுற்றி நெடுநேரம் கழித்து வரும் என்று காத்திருந்தோம். சீக்கிரமே வந்தது, அதுவும் எதிர்ப்பக்கத்திலிருந்து.

“அதுக்கு மலைக்குள்ளால ஒரு வழி தெரிஞ்சிருக்கு, மாஸ்டர்.”

“அது வெறும் புரோகிராம் தானுங்களே.”

“அதைத்தான் ஐசே சொல்லுறன். எங்கட கண்ணுக்குப் படாத பாதையும் அதின்ரை கணக்கில இருக்கும். தேயிலை மலையை அளக்கப் போனா நான் வரைபடத்தை மடிச்சு வைச்சிட்டு மாடு போற தடத்தைப் பாக்கிறனான்.”

அந்தத் திங்கட்கிழமைக்கு முன் வந்த பௌர்ணமிப் போயா விடுமுறையன்று நீங்கள் குதித்துக் கீழே நின்று கூப்பிட்டீர்கள். நான் குதிக்காமல் முகட்டிலிருந்தே பன்றியின் பின்னால் ஓடினேன். உங்களுக்கும் அதற்கும் தூரம் கூடினால் சட்டென்று மறைந்து உங்கள் காலடியில் முளைத்துவிடும். மறுபடி ஏறுவீர்கள், மறுபடி குதிப்பீர்கள். ஒரு தடவை கல்லொன்றில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தது.

“எங்க நிக்கிறான்?”

“கல்லோட பேசிக்கிட்டு இருக்காருங்க.”

“அவன்ரை உத்தியோகமே அதுதான்.”

பிறகு எதனாலோ அது அருவிப் பக்கம் திரும்பியது. நீருக்குள் நுழைந்தது, பாறைக்குள் போனது. நானும் போனேன். பாறை திறந்திருந்தது. ஒரு சரிவு, ஒரு வளைவு, பிறகு வெளிச்சம்.

“மாஸ்டர்? லைன் கட்டோ?” என்று கேட்டீர்கள். “வலது பக்கம் ஒட்டியே வாங்க. தண்ணிக்குப் பின்னால நுழைங்க. பார்த்து வாங்க” என்று மட்டும் சொன்னேன். நீங்கள் வந்து சேரும்வரை, எங்கே மின்சாரம் போய்விடுமோ என்று பயந்தபடியே இருந்தேன்.

வந்தீர்கள். ஏரி இருந்தது. அங்கே அரக்கரும் இல்லை, புதையலும் இல்லை. பனிக்கு நடுவே முளைத்த புல் நம் காலுக்கு வளைந்து நிமிர்ந்தது. மேகம் தண்ணீருக்குள் மெதுவாக நகர்ந்தது. கரையோரம் கூழாங்கற்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. உங்கள் மூச்சு மட்டும் என் காதில் கேட்டது.

“இதை ஆரோ இருந்து செய்திருக்கிறான்” என்றீர்கள் கடைசியில். “ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு தெரிஞ்சும் தண்ணிக்குள்ள மேகத்தை விட்டிருக்கிறான்.”

என் உழைப்பை யாரும் பார்க்கவில்லை என்று இத்தனை வருடமாகக் குமைந்தவன் நான். மாலைவரை அங்கேயே நின்றோம்.

திங்கட்கிழமை ரயில் ஏறினீர்கள். திரும்பவில்லை.

கல்வி அலுவலகத்தின்மீது என் கோபம் ஆறவில்லை, ஆறப்போவதும் இல்லை. ஆனாலும் பத்தாம் வகுப்புக் கரும்பலகையில் மலையின் சமவுயரக் கோடுகளை வரையும்போது, கையை வேகமாக ஓட்டி முடிக்க இப்போதெல்லாம் முடிவதில்லை. மலையிடுக்கில் ஒரு சிற்றோடை இருந்தால் அதன் ஊற்றுவரை போய் வரைகிறேன். “சார், இது சோதனைக்கு வருங்களா?” என்று முன்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்.

வராது என்றேன். நீலச் சோக்குக் கட்டியை எடுத்து, மிச்சத்தையும் வரைந்தேன்.