என் தொடைக்கும் களைப்பு வருகிறது

பாசமுள்ள அக்கா,

உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் தொடைகள் அசைகின்றன.

ரோசி உங்கள் வயிற்றில் இருந்த வருடம்தான் நான் சங்கு குளிக்கப் போய், ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்து, இடுப்புக்குக் கீழே உணர்வையும் அசைவையும் இழந்தேன். அன்று தொடங்கி, நோய் உங்களைப் படுக்கையில் போடும்வரை, தினமும் என் கால்களை மடக்கி நீட்டிவிட்டவர் நீங்கள்தான். நீங்கள் கண்மூடிய பிறகு தொடைகள் மெலிந்து எலும்போடு ஒட்டிப்போயின.

இப்போது ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிற பிள்ளை ஒருத்தி, தொடையில் பட்டிகளை ஒட்டி, மெல்லிய கரண்ட் விடுகிறாள். முதல் நாள் மடங்கியிருந்த கால் தானாக நிமிர்ந்தது. அழுதுவிட்டேன், அக்கா. ஆனால் திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய உதை சிறுத்து, கடைசியில் தசை இலேசாகத் துடித்ததோடு நின்றுவிட்டது.

"மிசின் பழுதோ, பிள்ளை?"

"இல்லை அண்ணா, தசை களைச்சுப்போச்சு. மூளை எண்டா நார்களை மாறி மாறி வேலைக்குக் கூப்பிடும். கரண்ட் அதே நார்களைத்தான் திரும்பவும் கூப்பிடும். அதுதான் கெதியாக் களைக்குது. கொஞ்சம் ஆறவிட்டுச் செய்வம்."

"அப்ப நான் நடப்பனோ?"

"அதை நான் சொல்லேலாது அண்ணா. தசை பலக்கும். அவ்வளவுதான் இப்ப தெரியும்."

நீங்கள் இருந்திருந்தால் அவளோடு சண்டைக்குப் போயிருப்பீர்களோ? எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. இத்தனை வருடமாக வலியும் இல்லை, அலுப்பும் இல்லை என்று கிடந்த கால். களைக்கிறதென்றால் அதற்குள் இன்னும் உயிர் இருக்கிறதுதானே?

உதை, ஓய்வு, மறுபடி உதை என்று மாதங்கள் போயின. தொடையில் சதை பிடித்தது. களைப்பும் பிந்தி வந்தது. போன கிழமை கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, கரண்டின் துணையோடு எழுந்து நின்றேன். அத்தான் ரோசியையும் கூட்டி வந்திருந்தார். பிறந்ததிலிருந்து என்னைச் சக்கரக் கதிரையில் மட்டுமே பார்த்த பிள்ளை, அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, நீங்கள் அப்பாவைவிட உயரமோ?"

"ஓம் மகள்," என்றார் அத்தான். "உன்ர அம்மாவும் நல்ல உயரம்தான்."

அதற்குள் என் தொடைகள் களைத்துவிட்டன. உட்கார்ந்துவிட்டேன்.

ரோசிக்குப் புதுநன்மை வருகிறது, அக்கா; முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். அன்று என்னால் நிற்க முடியுமோ தெரியாது. நின்றாலும் இருந்தாலும், கோயிலில் அவளுக்குப் பக்கத்தில், நீங்கள் இருக்கவேண்டிய இடத்தில் நான் இருப்பேன்.

உங்கள் ஒரே தம்பி,
பள்ளிமுனையிலிருந்து