மஞ்சள் விமானத்தின் இறக்கைச் சட்டத்தில் துளையிட வேண்டாம்

அனுப்புநர்
இரா. எழில்மொழி,
பதினோராம் வகுப்பு,
அரசு மேல்நிலைப் பள்ளி,
மேலவெளித்தோப்பு, நன்னிலம் வட்டம்.

பெறுநர்
தனி அலுவலர் அவர்கள்,
படுகை வானூர்தி அருங்காட்சியகம்,
மேலவெளித்தோப்பு.

பொருள்: ஹார்வார்டு பயிற்சி விமானத்தைத் தூணில் ஏற்றுவதற்காக அதன் இறக்கைச் சட்டத்தில் துளையிடும் வேலையை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து முந்தைய தனி அலுவலரிடம் நான் நேரில் அளித்த மனு (பதில் பெறப்படவில்லை).

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். தாங்கள் சென்ற வாரம்தான் பொறுப்பேற்றீர்கள் என்று அறிந்தேன். நடந்தது எதுவும் தங்களுக்கு முழுமையாகச் சொல்லப்பட்டிருக்காது என்று எண்ணி முதலிலிருந்து எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. எங்கள் ஊருக்குத் தெற்கே உள்ள ஓடுதளம் உலகப்போரின்போது போடப்பட்டது. போர் முடிந்ததும் விமானங்கள் வருவது நின்றது. ஊர் அதை நெற்களமாக்கிக்கொண்டது. தங்கள் அறக்கட்டளையினர் அதன் ஓரத்தில் கொட்டகை கட்டிப் பழைய போர் விமானங்களைக் கொண்டுவந்து வைத்தபோது நான் நான்காம் வகுப்பு படித்தேன். அவற்றில் பறக்கக் கூடியது ஹார்வார்டு ஒன்றுதான். நம் விமானப்படையில் சேர்ந்தவர்கள் பறக்கக் கற்றுக்கொண்ட, இருவர் அமரும் மஞ்சள் விமானம் அது.

2. ஆண்டுக்கு ஒருமுறை, காணும் பொங்கலன்று காலையில் அது பறக்கும். முதல் நாள் ஊரே சேர்ந்து ஓடுதளத்தைப் பெருக்கும். காயப்போட்ட நெல்லை அள்ளிவிட்டு, வீட்டுக்கு ஒருவர் விளக்குமாற்றோடு வர வேண்டும் என்பது ஊர்க்கட்டு. நெல் சிந்திக் கிடந்தால் மைனாக் கூட்டம் இறங்கும். விமானம் ஓடும்போது அவை கிளம்பினால் ஆபத்து. விமானத்தை ஓட்டும் ஜெக்கரியா ஐயா விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுதளம் முழுவதும் நடந்து பார்ப்பார். ஒரு நெல்மணி கிடைத்தாலும் விரல் நுனியில் தூக்கிக் காட்டி, இது யார் வீட்டுப் பங்கு என்று கேட்பார். பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிக் கொடுத்து ஆளாளுக்குச் சிரிப்பார்கள்.

இவ்வாண்டு பள்ளி வானூர்தி மன்றத்திலிருந்து ஒரு மாணவரைப் பின்னிருக்கையில் அழைத்துச் செல்வதாக அவர் சொல்லியிருந்தார். மன்றம் என்னைத் தேர்ந்தெடுத்தது. இந்த மனுவில் என் சொந்த விருப்பமும் கலந்திருக்கிறது என்பதைத் தங்களிடம் மறைக்கக் கூடாது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

3. சென்ற அக்டோபரில் குறுவை அறுவடையின்போது மழை விடவில்லை. கொள்முதல் நிலையத்தில் இடமில்லாமல் மூட்டைகள் வெளியில் நனைந்தன. சில மூட்டைகளில் சாக்கைத் துளைத்துக்கொண்டு முளை வந்தது. என் தந்தை இராஜாங்கம் குத்தகைக்குப் பயிர் செய்பவர். அவருடைய மூட்டைகளும் அங்கேதான் கிடந்தன. ஊர் கேட்டுக்கொண்டதன் பேரில் அருங்காட்சியகத்தார் விமானக் கொட்டகையைத் திறந்துவிட்டார்கள். விமானங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நெல்லை அடுக்கினோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள்.

4. ஈர நெல்லில் வண்டு விழுந்தது. ஊரார் கிடங்கு வேலை தெரிந்த ஒருவரை வரவழைத்தார்கள். எல்லாக் கிடங்குகளிலும் செய்வதுபோல அவர் அடுக்குகளுக்கிடையே புகைமருந்து மாத்திரைகளை வைத்து, கொட்டகைக் கதவுகளின் இடுக்குகளில் களிமண் பூசி அடைத்தார். அந்த மாத்திரையிலிருந்து வரும் வாயு வண்டைக் கொல்லும் என்பது எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அது செம்பையும் அரிக்கும், காற்றில் ஈரமிருந்தால் இன்னும் அதிகமாக அரிக்கும் என்பது யாருக்கும் தெரியவில்லை. நெற்கிடங்கில் செம்புக்கு என்ன வேலை? விமானமோ உள்ளே முழுவதும் செம்புக் கம்பி. கொட்டகையைத் திறந்தபோது வண்டுகள் செத்துக் கிடந்தன. நெல் லாரியேறியது. எல்லோருக்கும் நிம்மதி.

5. டிசம்பரில், பொங்கலுக்கு முந்தைய சோதனைக்காகத் தஞ்சாவூரிலிருந்து விமானப் பொறியாளர் செந்தாமரை அவர்கள் வந்தார்கள். விமானி இருக்கைக்கு முன்னால் உள்ள தகட்டைக் கழற்றினார்கள். நான் டார்ச் பிடித்தேன். செம்புக் கம்பிகளின் முனைகள் அடுப்புக்கரி போல் கறுத்திருந்தன. ஒன்றை விரலால் தொட்டதும் உதிர்ந்தது. இஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோக்கள் இரண்டைப் பிரித்துப் பார்த்தால் அவற்றிலும் அப்படியே. அவர்கள் கீழே இறங்கி, சக்கரத்தின் அருகில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இங்கே என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்கள். நெல்லையும் மருந்தையும் பற்றிச் சொன்னேன். அப்போது அவர்கள் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"நெல்லை வெச்சது தப்பே இல்லம்மா. மருந்து வைக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா, பிளேனை வெளியில தள்ளச் சொல்லியிருப்பேன். நாலு பேர் சேர்ந்தா தள்ளிடலாம்."

அன்று மூட்டை தூக்க வந்தவர்கள் ஊரில் பாதிப் பேர்.

6. பொறியாளரின் அறிக்கை தங்கள் அலுவலகத்தில் உள்ளது. இப்போதைய நிலையில் விமானம் பறக்கத் தகுதியற்றது என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தையும் தாங்கள் படிக்க வேண்டும். அலுமினிய உடலும் இறக்கைகளும் நல்ல நிலையில் உள்ளன, கம்பிகளை மாற்றலாம், மேக்னெட்டோக்களைப் பழுது பார்க்கலாம், சில ஆண்டுகள் ஆகும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். நிர்வாகக் குழு ஒரே கூட்டத்தில், விமானத்தை நன்னிலம் சாலை ரவுண்டானாவில் தூண்மேல் ஏற்றிக் குடியரசு தினத்தன்று திறப்பது என்று முடிவு செய்துவிட்டது. தூணில் பொருத்துவதற்காக இறக்கைகளைத் தாங்கும் முதன்மைச் சட்டத்தில் துளையிட்டு இரும்புத் தாங்கியை முடுக்கப் போகிறார்கள். கம்பி கெட்டால் வேறு கம்பி போடலாம். அந்தச் சட்டத்தைத் துளைத்துவிட்டால், அதன் பிறகு எந்தப் பொறியாளரும் இது பறக்கலாம் என்று கையெழுத்துப் போட மாட்டார் என்று செந்தாமரை அவர்கள் கூறினார்கள்.

7. முந்தைய தனி அலுவலர் என்னை உட்கார வைத்து அன்பாகத்தான் பேசினார். "தூண் மேல ஏத்தினா தினமும் பஸ்ல போறவங்க எல்லாம் பாப்பாங்க. சந்தோஷம்தானே பாப்பா?" என்று கேட்டார். அதற்கு என் பதிலை இப்போது எழுதுகிறேன். இஞ்சினைக் கழற்றிவிட்டு, இருக்கைகளின்மேல் தகடு அடித்து, அதைச் சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் நிறுத்துவார்கள். பேருந்தில் போகிறவர்கள் சில நாள் பார்ப்பார்கள். பிறகு வளைவில் திரும்பும் நேரத்தில் பையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இப்படி விடுவதற்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டியதில்லை.

8. இம்மனுவில் ஊராரின் கையெழுத்தையும் வாங்க முயன்றேன். டீக்கடையில், உன் விமானம் என்ன விதைநெல்லா, வண்டு மருந்தில் கெட்டுப்போக என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்களும் பிறகு தனியாக அழைத்து விசாரித்தார்கள். கையெழுத்துப் போட்டால் நட்டத்தை ஊரிடம் கேட்பார்களோ என்று அவர்களுக்குப் பயம். அடுத்த மழைக்குக் கொட்டகையைத் திறக்கமாட்டார்கள் என்பது அதைவிடப் பெரிய பயம். என் தந்தை மனுவை இருமுறை படித்தார். "என் நெல்லாலதான் உன் பிளேன் போச்சுன்னு கவர்மெண்டுக்கு எழுதப்போறியா?" என்று கேட்டார். அப்படி எழுதவில்லை என்றேன். காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த நெல் முளைத்துப் போயிருந்தால் நான் இவ்வாண்டு பள்ளிக்கு வந்திருப்பேனா என்பதே சந்தேகம்.

9. இந்தக் காணும் பொங்கலுக்கு ஓடுதளத்தை யாரும் பெருக்கவில்லை. நேற்று கொட்டகைக்குப் போனேன். இறக்கைகளின் அடியில் துளையிட வேண்டிய இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்கள். கிரேன் வந்து நிற்கிறது. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

அ) துளையிடும் வேலையை உடனே நிறுத்த வேண்டும். பழுது பார்க்க இப்போது வழியில்லை என்றாலும், விமானத்தைத் தன் சக்கரங்களின்மேல், கூரைக்குக் கீழ் நிற்க விட வேண்டும். எங்களால் முடியாததை எங்களுக்குப் பின் வருபவர்கள் செய்யக்கூடும்.

ஆ) இனி மழையில் ஊர் நெல்லோடு வந்து நின்றால் கொட்டகையை மறுக்காமல் திறக்க வேண்டும். மருந்து வைக்கும் முன் விமானங்களை வெளியே தள்ளும்படி கதவில் ஒரு பலகை வைத்தால் போதும்.

இ) மேற்கண்ட முதல் கோரிக்கையை ஏற்கத் தங்களுக்கு அதிகாரமோ காலமோ இல்லாமல் போகலாம். குடியரசு தினத்துக்கு ஒரு வாரமே உள்ளது என்பது எனக்கும் தெரிகிறது. அப்படியானால் தூணின் அடியில் பதிக்கவிருக்கும் கல்வெட்டின் வாசகத்தையாவது பார்க்க வேண்டுகிறேன். விமானம் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஆண்டைப் போட்டு, அது கடைசியாகப் பறந்த ஆண்டு அதுவே என்று எழுதியிருக்கிறார்கள். அது தவறு. சென்ற ஆண்டு காணும் பொங்கலன்று காலை அது எங்கள் ஊர்மேல் பறந்தது. அறுக்காத சம்பா வயல்களின்மேல் அதன் நிழல் ஓடியதை ஊரே பார்த்தது. அந்த நாளைக் கல்வெட்டில் போடுங்கள். வெட்டிய பிறகு கல்லையும் திருத்த முடியாது என்பதால், இதையேனும் தாமதமின்றிக் கவனிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மேலவெளித்தோப்பு
நாள்: 19.01.2026

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
இரா. எழில்மொழி